கப்பல் உடைந்த பின்



கண்டி நகரிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டப் பக்கம் மலையேறிச் செல்வோர் இன்று அங்கே தேயிலைச் சரிவுகளைக் காண்கின்றனர். மலையகம் என்றாலே தேயிலைதான் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கின்றனர். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகளை மூடி நின்றது கோப்பி. கோப்பியே கண்டியின் செல்வமாக இருந்தது. கோப்பிக்காகவே காடுகள் அழிக்கப்பட்டன, வீதிகள் வெட்டப்பட்டன. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததும் முதன்மையாகக் கோப்பி மூட்டைகளை ஏற்றிச் செல்வதற்கே. அந்தச் செல்வம் இருபது ஆண்டுகளுக்குள் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. அது அழிந்த விதத்தைச் சற்று நின்று பார்ப்பது, இன்று தொழிலிலும் வாழ்விலும் அடிபட்டு நிற்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்தரும் என எண்ணுகிறேன்.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மாவு படிந்ததுபோல ஒரு நோய் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதை ஆராய்ந்து பெயரிட்டவர்களுள் ஒருவரான பெர்க்லி, பங்குப் பணியோடு பூஞ்சைகளையும் ஆராய்ந்த ஓர் அங்கிலிக்கன் குருவானவர். ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்பது அவர்கள் சூட்டிய பெயர். பாழாக்குபவள் என்பது அதன் இரண்டாம் சொல்லின் இலத்தீன் பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஆயினும் அந்நோய் மரத்தை ஒரே நாளில் சாய்க்கவில்லை. அதன் வஞ்சகம் அங்கேதான் இருந்தது. உதிர்ந்த இலை மீண்டும் துளிர்த்தது. அடுத்த ஆண்டு எல்லாம் சரியாகிவிடும் என்று தோட்டத் துரைமார் நம்பினர். போதாக்குறைக்கு 1870களில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தபோதும் விலையேற்றம் அந்தக் குறையை மறைத்துவிட்டது. அஞ்சி நிற்கவேண்டிய காலத்தில் கடன்பட்டுப் புதுக்காடு வெட்டி மேலும் கோப்பி நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பி நின்ற நிலம் ஏறக்குறைய 275,000 ஏக்கர் என்பர். 1880இல் இங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வோர்ட் என்னும் இளம் அறிவியலாளர் நோய் பரவும் விதத்தை விளக்கினார். அதற்கு மருந்து காட்ட அவராலும் இயலவில்லை. 1884 மே மாதத்தில் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அவ்வங்கி வெளியிட்ட தாள்களே அன்று மக்கள் மடியில் முடிந்து வைத்திருந்த பணம். அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் உறுதியளித்திராவிடில் கண்டிக் கடைத்தெருவில் அன்று என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

விழுந்தவர்கள் உடனே வேறொன்றைப் பற்றிக்கொள்ள ஓடினார்கள். காய்ச்சலுக்குரிய கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பலரும் ஒரே நேரத்தில் நட்டனர். பட்டை சந்தையில் குவிந்தது. விலை பாதாளத்துக்குப் போனது. ஒருமுறை விழுந்தவர்களில் பலர் இரண்டாம் முறையும் விழுந்தனர். பக்கத்துக் கடைக்காரர் எதைத் தொடங்கினாரோ அதையே நாமும் மறுமாதம் தொடங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல போலும்.

நிலைத்து நின்றது லூல்கந்துரவில் தொடங்கிய ஒரு சிறு முயற்சியே. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் இங்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலைநோய் தென்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோப்பி கொழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள். தம் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டச் செய்து, கரியடுப்பில் காய வைத்தார். 1873இல் லண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். ஒரு பிள்ளையின் புத்தகப் பையும் பள்ளிக்கூடச் சாப்பாடும் சேர்ந்தால் வரும் எடையைவிட அது அதிகமிராது.

தன்முன்னேற்றக் கூட்டங்களில் இக்கதையை இத்தோடு முடித்துக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். தோல்வி வெற்றிக்குப் படிக்கட்டாயிற்று என்பார்கள். என்னால் இங்கே நிறுத்த இயலவில்லை. ஏனெனில் அக்கோப்பியைச் சுமந்தவர்கள் நம் முன்னோர். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அவ்வழியிலேயே மாண்டவர்கள் பலர். தோட்டங்கள் முறிந்தபோது துரைக்கு இழப்பு கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது. தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளமாகவே காணாமற்போயிற்று. தொழிலாளரின் சம்பளப் பாக்கியே தோட்டத்தின் மீதான முதற்கடன் என்று 1880களில் சட்டம் இயற்றவேண்டி வந்தது என்றால் நிலைமை எவ்வாறு இருந்திருக்கும்! கோப்பிக்குப் பருவகாலத்தில் வந்து திரும்பிச் சென்றவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை வந்தபின் குடும்பத்தோடு லயன்களில் தங்க நேர்ந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் ‘துண்டு’ ஒன்றில் எழுதி, அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவர்களைக் கைமாற்றும் முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. மலைநாடு மீண்டெழுந்தது உண்மை. எல்லோரும் சேர்ந்து எழுந்தோமா என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

இங்கே திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். பயணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டது, இனிப் போனால் சேதம் வரும் என்று அவர் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பல் ஓட்டியையும் கப்பல் உரிமையாளரையுமே நம்பினார். தென்காற்று மெல்ல வீசியதும் எல்லாம் கைகூடிவிட்டதென எண்ணிப் பாய் விரித்தார்கள். கோப்பி விலை ஏறிய ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அதன்பின் வந்தது பெரும்புயல். பல நாள்கள் கதிரவனும் இல்லை, விண்மீனும் இல்லை.

அந்த இருளில் பவுல் பெற்ற வாக்குறுதியை நாம் பெரும்பாலும் பாதியாகவே வாசிக்கிறோம். கப்பலில் உள்ளோர் ஒருவரும் உயிரிழக்கமாட்டார் என்பது ஒரு பாதி. கப்பல் அழியும் என்பது மறு பாதி. இறைவன் மனிதர்களைக் காப்பதாகச் சொன்னார். கப்பலைக் காப்பதாகச் சொல்லவில்லை. நாமோ செபத்தில் பெரும்பாலும் கப்பலையே கேட்கிறோம். கடை காப்பாற்றப்பட வேண்டும், லொறி பறிபோகக் கூடாது, ஊரில் இருந்த பெயர் அப்படியே இருக்க வேண்டும் என்று புனித அந்தோனியாரிடம் நேர்ச்சை வைக்கிறோம். அப்படிக் கேட்பது பாவமன்று. ஆனால் கடை போய்விட்டால் கடவுள் கைவிட்டார் என முடிவு கட்டுகிறோமே, அதுதான் பிழை. விசுவாசம் உறுதியாக இருந்தால் வியாபாரம் செழிக்கும் என்று ஒலிபெருக்கியில் முழங்குவோர் இந்த அதிகாரத்தை எங்கே வைத்து வாசிக்கிறார்களோ தெரியவில்லை. கப்பலில் இருந்த அனைவரிலும் விசுவாசத்தில் மிக உறுதியானவர் பவுல். அவர் ஏறிய கப்பல்தான் உடைந்தது.

நம் நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் புயல் மேல் புயலாக வந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறு காலையில் நம் ஆலயங்களிலேயே குருதி சிந்தப்பட்டது. அதன்பின் பல மாதம் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, கண்டியின் விடுதிகள் வெறிச்சோடின. 2020இல் கொரோனா. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையால் மலையகத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றனர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்த இயலாது என்று நாடே அறிவித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாள்களை யார் மறப்பார்? சற்றே மூச்சு விட்டபோது, 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. கடையில் இருந்த சரக்கு சேறாகிப்போனவர்களிடம் மனம் தளராதீர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

பவுலின் கப்பலில் பொருள்களை எறிந்த வரிசையைப் பாருங்கள். முதலில் சரக்கை எறிந்தார்கள். மறுநாள் கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள். கோதுமையை மட்டும் கடைசிவரை வைத்திருந்தார்கள். அனைவரும் உண்டு பசியாறிய பின்னரே அதைக் கடலில் கொட்டினார்கள். எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை பிடித்திருப்பது என்ற தெளிவு புயலில் மிக அவசியம். நம் வீடுகளில் இந்த வரிசை பல வேளைகளில் தலைகீழாக இருக்கிறது. கையில் பணம் முடைப்பட்டதும் மகளின் உயர்கல்வி நிறுத்தப்படுகிறது, முதியவரின் மருந்து குறைக்கப்படுகிறது, ஞாயிறு திருப்பலிக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று அதுவும் விடப்படுகிறது. லீசிங்கில் எடுத்த வாகனமோ வாசலில் நிற்கும். அடுத்த மாதத் திருமுழுக்கு விருந்துக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது! ஊரார் கண்ணுக்காக வைத்திருப்பது சரக்கு. பிள்ளையின் படிப்பும் வீட்டாரின் உடல்நலமும் இறைவேண்டலும் கோதுமை.

விட வேண்டியதை விட்ட ஒரு வீடு அம்பிட்டியவிலேயே இருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளுக்கெனத் தொடங்கிய பாப்பரசர் குருமடம் அங்கேதான் இருந்தது. பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே குருக்களை உருவாக்கினர். நாடுகள் விடுதலை பெற்று எல்லைகள் மாறிய பின், 1955இல் அக்குருமடம் இந்தியாவின் பூனா நகருக்குச் சென்றது. அதை ஓர் இழப்பாகவே அன்று கண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அதே கட்டடத்தில் அதே ஆண்டில் இலங்கையின் தேசிய குருமடம் தொடங்கியது. இன்று உங்கள் பங்குகளில் பணியாற்றும் குருக்களில் எத்தனை பேர் அங்கு படித்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். போனதன் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மீண்டும் கப்பலுக்கு வருவோம். பதினான்காம் நாள் இரவு கரை நெருங்குவதை உணர்ந்த மாலுமிகள், முன்பக்கம் நங்கூரம் இறக்கப்போவதாகப் பாசாங்கு செய்து, சிறுபடகை இறக்கித் தப்பியோட முயன்றார்கள். கப்பலைச் செலுத்தத் தெரிந்தவர்கள் போய்விட்டால் எஞ்சியோர் கதி என்ன? பவுல் அதைக் கண்டு நூற்றுவர் தலைவரிடம் சொன்னார். படைவீரர் கயிற்றை அறுத்துப் படகைப் போகவிட்டனர்.

இந்தச் சிறுபடகு நம்மிடையே இன்றும் இருக்கிறது. கடனுக்குப் பிணை நின்ற நண்பரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரவோடிரவாக வெளிநாட்டுக்குப் புறப்படுவது அந்தப் படகு. சீட்டுப் பிடித்த காசோடு தொலைபேசியை அணைத்துவிடுவது அந்தப் படகு. கடையை மூடும்போது வங்கிக்கும் மொத்த வியாபாரிக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, பத்து வருடம் வேலை பார்த்த பையனின் சம்பளத்தையும் ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என விடுவதும் அதுதான். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கோப்பித் துரைமார் செய்ததை நாம் செய்துவிட்டு, நம் முன்னோருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றிப் பேசுவதில் என்ன நியாயம் இருக்கிறது? நேரே சென்று இன்று இவ்வளவுதான் இயலும், மீதியை இந்தத் தவணைகளில் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு ஊரில் மதிப்பு முழுவதுமாகப் போய்விடுவதில்லை. வங்கி முகாமையாளரிடமும் தவணை தவறிய பின் செல்வதைவிடத் தவறுமுன் செல்வது நல்லது. கடனை மறுசீரமைக்கக் கேட்பதில் வெட்கமில்லை. நாடே கேட்டு வாங்கியதல்லவா!

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டுக்குள் உண்மை பேசுவது. தொழில் சரிந்ததை மனைவியிடம் மறைத்து, தினமும் காலையில் உடுத்திக்கொண்டு கடைக்குப் போவதுபோல் போய்வரும் கணவர்மார் இருக்கிறார்கள். அடகுக் கடையிலிருந்து அறிவித்தல் வந்த பிறகே தாலிக்கொடி எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிகிறது. கணவருக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்து, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவரைக் கண்டு நடுங்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். இழப்பைவிட இந்த மறைப்பே குடும்பத்தை அதிகம் உடைக்கிறது என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே குருக்கள் அனைவரும் கண்டறிந்த உண்மை. இலையின் அடிப்புறத்தில் படிந்த மாவு அது. மேலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும். இந்த வாரம் ஒரு மாலைப்பொழுதில் செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியைப் போடாமல், பெரிய பிள்ளைகளையும் உட்கார வைத்து, வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அழுகை வரலாம். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டும் பேச்சும் எழலாம். அன்று தீர்வு கிடைக்காவிட்டாலும் பாரம் ஒருவர் தலையில் மட்டும் இராது.

வாழ்ந்தது போதும் என்ற எண்ணத்தோடு உள்ளே கதவைப் பூட்டிக்கொள்வோரும் நம் பங்குகளில் உண்டு. அவர்களைத் தனியே விடாதீர்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் வாருங்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். அதில் அவமானம் ஏதுமில்லை.

விடியும் வேளையில் பவுல் செய்தது ஒன்றுதான். பதினான்கு நாள் சரியாக உண்ணாதிருந்தவர்களை உண்ணும்படி வேண்டி, அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்டார். கப்பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்வதற்குக் கரை தெரியும்வரை அவர் காத்திருக்கவில்லை. அக்கணம்தான் புனித லூக்கா கப்பலில் இருந்தோரின் எண்ணிக்கையைத் தருகிறார்: 276 பேர். படைவீரரும் மாலுமிகளும் விலங்கிட்ட கைதிகளுமாக ஒரே எண்ணிக்கைக்குள் வருகின்றனர். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். தெரியாதவர்கள் உடைந்த கப்பலின் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். கைதிகள் தப்பிவிடுவார்கள் என்று படைவீரர் அவர்களைக் கொன்றுவிட எண்ணியபோது நூற்றுவர் தலைவர் தடுத்தார். எவரையும் மிதித்துக்கொண்டு எவரும் கரையேறவில்லை.

கரை சேர்ந்த இடம் மால்தாத் தீவு. மழையும் குளிருமாக இருந்தது. ஊரார் தீ மூட்டி அவர்களை வரவேற்றனர். பவுல் உட்கார்ந்திருக்கவில்லை, சுள்ளி பொறுக்கப் போனார். அவர் பொறுக்கி வந்த சுள்ளிக்கட்டிலிருந்தே ஒரு விரியன் பாம்பு வெளிப்பட்டு அவர் கையைப் பற்றிக்கொண்டது. கடலிலிருந்து தப்பினாலும் தெய்வநீதி இவனை விடவில்லை, இவன் கொலைகாரனாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அடிபட்டவனைப் பற்றி ஊர் அன்றும் அப்படித்தான் பேசியது. இன்று நம்மவர்கள் செய்வினை, கண்ணூறு, வீட்டு வாசல் சரியில்லை என்கிறார்கள். நற்கருணை வாங்கிய மறுநாளே சாத்திரம் கேட்கப் புறப்படுகிறவர்களும் உண்டு. பவுல் அப்பேச்சுக்கு மறுமொழி சொல்லவில்லை. பாம்பை நெருப்பில் உதறிவிட்டார். சில நாள்களில், அத்தீவின் தலைவரான புப்லியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உள்ளே சென்று, கைகளை வைத்து இறைவனிடம் வேண்டினார். அவர் நலமடைந்ததும் தீவிலிருந்த மற்ற நோயாளரும் வந்தார்கள். மூன்று மாதம் கழித்து, குளிர்காலத்துக்காக அங்கே ஒதுங்கியிருந்த வேறொரு கப்பலில் அவர்கள் ஏறியபோது, வழிக்கு வேண்டியவற்றை அவ்வூர் மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.